ஈரத்தில் 31, காய்ந்தால் 28

அந்த அளவு நோட்டை முன்பக்கமிருந்து புரட்டினால் மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து இறக்கம் என்று சனத்நகர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவுகள் வரும். பின்பக்கமிருந்து புரட்டினால் ஒரே ஒருத்தியின் அளவுதான். தேதி, ஈரம், காய்ந்தது, வெட்டியது, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். முதல் வரி 2020 ஆகஸ்ட் 9. ஈரத்தில் 31 அங்குலம், காய்ந்தால் 28, வெட்டியது 1. குறிப்பு என்ற கட்டத்தில், “வலது பக்க நெளி இறுக்கம். அவசரப்படாதே” என்று எழுதியிருக்கிறது.

உச்சியில் டேப்பை வைத்து முதுகு வழியாக நுனி வரை இறக்கி எடுத்த அளவு அது. எழுதியவர் நாற்பத்தெட்டு வயதுத் தையற்காரர். அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து ஹைதராபாத்தின் சனத்நகருக்கு ஆல்வின் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். குளிர்பெட்டி, கைக்கடிகாரம், இரட்டை மாடிப் பேருந்து என்று ஹைதராபாத்தின் பாதி வாழ்க்கையைச் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. உருதுவில் ‘சன்அத்’ என்றால் தொழில், கைவினை. பெயரிலேயே தொழிலை வைத்திருக்கும் பேட்டையில், 1998 முதல் ஒரு ஷட்டர் கடையில் அவர் ஜாக்கெட் தைக்கிறார். தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

நீளமான முடி, அதிலும் நெளிமுடி. சுருட்டை என்று சொல்ல முடியாது, நேர்முடி என்றும் சொல்ல முடியாது. காதுக்கு மேலே படிந்து இறங்கி, காதுக்குக் கீழே அலை எடுக்கும். நடிகர்கள், அறிவிப்பாளர்களின் தலையலங்காரக் கலைஞராக அமெரிக்காவில் பெயர்பெற்ற ஆண்ட்ரே வாக்கர் 1990களில் முடியை நான்கு வகையாகப் பிரித்தார். ஒன்று நேர், இரண்டு நெளி, மூன்று சுருட்டை, நான்கு இறுகிய சுருள். அதில் இரண்டாம் வகையில் அடங்குவது இவருடைய முடி. கடைக்காரர்களுக்கு மிகவும் பிடிபடாத வகையும் அதுதான் என்பது அவருடைய அனுபவம். சுருட்டை என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், பயந்து பயந்து வெட்டுவார்கள். நெளிமுடியைத் தண்ணீர் தெளித்துச் சீவினால் நேர்முடி மாதிரியே நிற்கும். காயும் வரைக்கும் அது தன் சுபாவத்தைக் காட்டாது.

அப்படித்தான் ஒருமுறை நடந்தது. உறவில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பார்லருக்குப் போய், தோள்பட்டை எலும்பின் கீழ் முனையைத் தொட்டுக் காட்டி, “இதுவரைக்கும் இருக்கட்டும்” என்று சொன்னார். அந்தப் பெண் முடியை நன்றாக நனைத்து, இழுத்துச் சீவி, சொன்ன இடத்தில் கோடு போட்டது போல வெட்டினாள். குறை சொல்ல முடியாத நேர்த்தி. வீட்டுக்கு வந்து முடி காய்ந்தபோது அந்தக் கோடு நான்கு விரல்கடை மேலே ஏறியிருந்தது. கோடாகவும் இல்லை. வலது பக்கம் நெளி இறுக்கம் என்பதால் அது அதிகம் ஏற, இடது பக்கம் கீழே நிற்க, நடுவில் ஒரு கற்றை தனியாகத் தொங்கியது. கல்யாணம் முழுக்க அவர் கொண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெண் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. இன்றைய பார்லர் வெட்டின் பெரும்பகுதி லண்டன் சிகையலங்காரர் விடால் சசூன் வழி வந்தது. 1963இல் நடிகை நான்சி க்வானுக்கு அவர் வெட்டிய பாப், முடிவெட்டைக் கட்டடக்கலை போல ஆக்கியது: நனை, பிரி, இழு, கோணம் பார், வெட்டு. நேர்முடிக்கு இதைவிட நல்ல முறை இல்லை. நெளிமுடிக்கோ இழுத்துப் பிடித்திருக்கும்போது இருக்கிற நீளம் ஒன்று, விட்ட பிறகு இருக்கிற நீளம் வேறொன்று. நியூயார்க்கில் லொரெய்ன் மாஸி என்ற சிகையலங்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். முடி உலர்ந்திருக்கும்போதே, ஒவ்வொரு சுருளாகப் பார்த்து வெட்டவேண்டும் என்பது அவர் முறை. 2001இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். சனத்நகர்த் தையற்காரருக்கு அந்தப் பெயரெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் அதே இடத்துக்குத் துணி வழியாக வந்து சேர்ந்தார்.

2020 மார்ச் 25. நாடு முழுதும் கொரோனா அடைப்பு. கடை ஷட்டர் இறங்கியது. மிஷினை வீட்டுக்குத் தூக்கிவந்து முகக்கவசம் தைக்கத் தொடங்கினார். பார்லர்கள், சலூன்கள் மீண்டும் திறந்தது மே மாதம் பாதி கடந்துதான். ஏப்ரல் வெயிலில் முதுகு முழுக்க ஈரம், நுனியெல்லாம் பிளந்து சிக்கு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பின்கழுத்தில் இறுக்கமாக ஒரு ரப்பர் போட்டார். ஜாக்கெட் துணி வெட்டும் பத்து அங்குலக் கத்தரியை எடுத்து ரப்பருக்கு வெகு கீழே, நுனிப் பக்கத்தில் வெட்டினார்.

அதில் மூன்று தவறுகள் இருந்தன. அந்த மூன்றையும் அவர் பிற்பாடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வைத்திருக்கிறார், பிரித்த தையலைப் பார்ப்பது மாதிரி.

முதல் தவறு ஈரம். அது தெரிந்த கதை. இரண்டாவது தவறு, ரப்பர் போட்ட இடம். முடியை அவிழ்த்ததும் அப்போது பதினான்கு வயதிலிருந்த மகள் பின்னால் வந்து நின்று, “அம்மா, நடுவுல பள்ளமா இருக்கும்மா, சைடுல எல்லாம் நீட்டிட்டு இருக்கு” என்றாள். பின்கழுத்தில் முளைக்கும் முடிக்கு ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது. நெற்றி ஓரத்தில் முளைக்கும் முடி தலையைச் சுற்றி வந்துதான் அந்த ரப்பரைச் சேர வேண்டும். ஒரே இடத்தில் நேராக வெட்டினால், சுற்றி வந்த தூரமெல்லாம் முன்முடிக்கு மிச்சமாகிவிடும். அதனால் அவிழ்த்து விடும்போது முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை. ரப்பரை நெற்றிக்கு மேலே போட்டு வெட்டினால் இதே கணக்கு தலைகீழாகும்: முன்முடி குட்டை, பின்முடி நீளம், படிப்படியான அடுக்கு.

அன்று ராத்திரி முகக்கவசத் துணியை இரண்டாக மடித்து மூக்கு வளைவை வெட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு அது விளங்கியது. ஜாக்கெட் கழுத்தை யாரும் விரித்து வைத்து வளைவாக வெட்டுவதில்லை. துணியை மடித்து, மடிப்பின் மேல் அரை வளைவு வரைந்து வெட்டிவிட்டுப் பிரித்தால் முழு வளைவு தானாக வரும். மடிப்பு எங்கே விழுகிறதோ அதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. முடியில் ரப்பர் போடுகிற இடம்தான் அந்த மடிப்பு.

அதற்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்டது இரட்டைப் பின்னல் வகிடு. நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவகிடு எடுத்து, இரண்டு பாதியையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, கழுத்தெலும்பின் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிய ரப்பர் போடுவது. நடுமுதுகில் விழவேண்டிய முடி கழுத்தைச் சுற்றி முன்னால் வருவதால், வெட்டிவிட்டுப் பின்னால் தள்ளும்போது நடுவில் கொஞ்சம் நீளமும் ஓரங்களில் குறைவுமாக, மென்மையான ஒரு வளைவு விழும். இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய சௌகரியம், வெட்டும் இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து, ஒரு கண்ணாடியைச் சுவரிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு வெட்டுபவர்களைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு பதைக்கும். கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போகும், கத்தரியும் அப்படியே.

இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று எப்படித் தெரியும்? டேப் வைத்தால் முடி நழுவும், தலை சாயும். அவர் முன்பக்கம் ஹூக் வைத்த பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். ஹூக் வரிசைதான் அளவுகோல். இடது கற்றையில் கீழே இன்னொரு ரப்பர் போட்டு, அதை நான்காவது ஹூக்குக்கு நேராக இறக்கி நிறுத்துவார், வலதையும் அதற்கே. சொந்தக் கையால் சம இடைவெளி விட்டுத் தைத்த ஹூக் என்பதால் அதன் மேல் அவருக்கு நம்பிக்கை.

மூன்றாவது தவறு கத்தரி. துணிக்கத்தரி கனமானது, அலகு தடித்தது. அடுக்கிய துணியை மேஜையோடு அழுத்திப் பிடித்து வெட்டுவதற்கென்றே செய்தது. வட இந்தியாவில் மீரட் நகரம் இந்தக் கத்தரிக்குப் பேர்போனது. பழைய வண்டி இரும்பை உருக்கி அடித்துச் செய்யும் மீரட் கத்தரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவரிடம் இருப்பதும் பித்தளைப் பிடி வைத்த அந்த ரகம்தான். துணிக்கு அதைவிட உத்தமமான கத்தரி கிடையாது. ஆனால் முடி துணி போல நிற்காது. தடித்த அலகு மூடும்போது வழவழப்பான முடி முன்னால் நழுவிப் போகும், சில இழைகள் வெட்டுப்படும், சில நசுங்கும். நசுங்கின நுனி இரண்டு மாதத்தில் பிளக்கும்.

முடியை மெல்லியது என்று நினைத்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்டில், அவர் நோட்டில் முதல் வரி எழுதிய அதே மாதம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். மழிகத்தியின் எஃகு முடியைப் போல ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் சவரம் செய்யச் செய்ய அந்த எஃகின் விளிம்பில் முடி சில்லு பெயர்த்துவிடுகிறது. நுண்ணோக்கியின் கீழேயே சவரக் கத்தியை ஓட்டிப் பார்த்துச் சொன்னது அது. தையற்காரர்கள் இதை வேறு விதமாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்: துணிக்கத்தரியால் காகிதம் வெட்டாதே, முடி வெட்டாதே. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், மாணவிகள் துணிக்கத்தரியால் காகிதத்தை வெட்டினாலே கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

அடைப்பு தளர்ந்ததும் பேகம் பஜாருக்குப் போய் முடிக்கென்றே ஒரு கத்தரி வாங்கினார். ஐந்தரை அங்குலம், மெல்லிய அலகு, மோதிர விரல் நுழையும் சின்ன வளையம். அதை ஒரு பழைய கண்ணாடி உறையில் வைத்திருக்கிறார். முடியைத் தவிர வேறு எதன் மேலும் அது படாது. சைக்கிளில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிக்க வருபவர் தெருவில் குரல் கொடுக்கும்போது துணிக்கத்தரி மட்டும்தான் வெளியே போகும். முடிக்கத்தரியின் விளிம்பு அந்தச் சக்கரத்தைத் தாங்காது.

இனி ஈரத்துக்கு வரலாம். அவருடைய தொழிலுக்கும் தலைமுடிக்கும் நடுவே இருக்கிற ஆழமான உறவு அதில்தான் இருக்கிறது.

காட்டன் லைனிங் துணியை எந்தத் தையற்காரரும் கடையிலிருந்து வந்தபடியே வெட்ட மாட்டார். சிகந்தராபாத் ஜெனரல் பஜாரில் வாங்கிவந்த லைனிங்கை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, தேய்த்து, அதற்குப் பிறகுதான் சாக்கட்டியைத் தொடுவார். அப்படிச் செய்யாவிட்டால் முதல் துவையலில் லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது, ஜாக்கெட் கக்கத்தில் சுருண்டு நிற்கும். சுருங்குகிற பொருளை, சுருங்கி முடித்த பிறகு வெட்டு. இது முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். அதே கைகள் எத்தனையோ வருடம் தன் தலைக்கு மட்டும் அந்தப் பாடத்தை எடுத்துப் போகவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

முடிக்குள் நடப்பது இது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் நெளிவைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் முக்கியமானவை இரண்டு. ஹைட்ரஜன் பிணைப்புகள் எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் தண்ணீர் பட்டதும் விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் நனைந்த முடி இழுத்த இழுப்புக்கு நீளும், தண்ணீரின் கனமும் சேர்ந்து அலையைக் கீழே இறக்கிவிடும். சல்ஃபர் பிணைப்புகள் தண்ணீருக்கு அசையாது. அவை இருக்கிற வரைக்கும், காயக் காய அலை தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தோலுக்குள் மயிர்க்கால் வளைந்திருக்கிற வளைவுக்குத் தக்கபடி நெளி அமைகிறது. ஒரே தலையில் எல்லா மயிர்க்காலும் ஒரே வளைவு இல்லை. அவருக்கு வலது காதுக்குப் பின்னால் இருக்கிற கற்றை மட்டும் ஈரத்துக்கும் உலர்வுக்கும் நாலரை அங்குலம் வித்தியாசம் காட்டும். மற்ற இடங்களில் மூன்று.

ஆகவே வெட்டுக்கு முந்தைய நாள் தலைக்குக் குளியல். எண்ணெய் கிடையாது. எண்ணெய் பட்ட நெளிகள் கயிறாகச் சேர்ந்துகொண்டு பொய்யான உருவம் காட்டும். சீப்பும் கிடையாது, பின்னலும் கிடையாது. காற்றிலேயே உலர்ந்து, இரவு தளர்வாகப் போட்டுத் தூங்கி எழுந்த முடிதான் வெட்டுக்குத் தயாரான முடி. இரட்டைக் கற்றையாக முன்னால் கொண்டுவரும்போதும் இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துக்கொள்வதோடு சரி. ஒரே வெட்டு வெட்டுவதும் இல்லை. ரப்பருக்குக் கீழே விரல் அகலக் கற்றைகளாக எடுத்து, கத்தரியைக் குறுக்கே வைக்காமல் நுனியை நோக்கி நெடுக்காக வைத்து, சின்னச் சின்னதாகக் கொத்துவார். குறுக்கே வெட்டினால் நெளிமுடி அடியில் புதர் மாதிரி பருத்து நிற்கும். நெடுக்காகக் கொத்தினால் அலைகள் ஒன்றுக்குள் ஒன்று அமரும். நெளி வெளிப்பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தினால் நுனி கொம்பு போல வெளியே நீட்டும் என்பதால், உள்ளே திரும்புகிற இடம் வரும்வரை பார்த்து வெட்டுவார்.

வெட்டும்போது தையலுக்கு விடுகிற மாதிரி அரை அங்குலம் விட்டு வைப்பார். ஒரு வாரம் கழித்து, இன்னொரு முறை குளித்துக் காய்ந்த பிறகு, தேவைப்பட்டால் அதை எடுப்பார். பாதி முறை தேவைப்படாது.

நோட்டில் சில வரிகளுக்கு எதிரே ‘தூசி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது நீளத்தைத் தொடாத வேலை. விரல் தடிமனுக்கு ஒரு கற்றை எடுத்துக் கயிறு போல முறுக்கினால், உடைந்த நுனிகளும் பிளந்த நுனிகளும் முறுக்கிலிருந்து முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை மட்டும் நறுக்குவார். வாசல்படியில், காலை வெளிச்சத்தில், முதுகில் வெயில் விழ உட்கார்ந்து செய்கிற வேலை. முழுத் தலைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

“நுனி வெட்டினா முடி நல்லா வளரும்” என்று அம்மா சொல்வார். வளர்வது மயிர்க்காலில், மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர். நுனியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் அம்மா சொல்வதில் பாதி சரி. பிளவு விழுந்த நுனியை விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறி, முடி நடுவில் முறியும். வளர்ந்தது அத்தனையும் கீழே உதிர்ந்து, வளராதது போலவே தோன்றும். நுனியைத் தையற்காரர் வயதான உறவினரைப் போல நடத்துவதற்கும் காரணம் இருக்கிறது. மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் கணக்கில் 31 அங்குல முடியின் நுனிக்கு ஐந்து வயது ஆகிறது. 2022 டிசம்பர் 4 அன்று நோட்டில் பதிவான வெட்டில் தரையில் விழுந்த முடி, எர்ரகட்டா வழியாக மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய 2017 நவம்பர் வாக்கில் தலையில் முளைத்தது. அதற்குப் பிறகு ஐந்து கோடை, ஐந்து மழைக்காலம், ஆயிரத்து எண்ணூறு சீவல்.

நாள் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கத்தரியத் தொடாதடீ. செவ்வாயும் வேணாம், அமாவாசையும் வேணாம்.” மிஞ்சுகிற நாட்களில் கடை விடுமுறை ஞாயிறுதான். அம்மாவின் பஞ்சாங்கமும் கடையின் பஞ்சாங்கமும் அதில் ஒத்துப்போகின்றன.

தமிழ்வீட்டுக்குள் சீயக்காய், பக்கத்து வீட்டில் குங்குடுகாய். நம் ஊரில் பூந்திக்கொட்டை என்போமே அதேதான். தெலங்கானாவில் அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, நுரையோடு தலைக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். இரண்டு மொழிக்கு நடுவே முடி வெட்டுகிறவருக்கு வார்த்தைகளே ஒரு விருந்து. சிக்கு இரண்டு மொழியிலும் சிக்கு. ‘சவரம்’ என்றால் நமக்கு மழிப்பது, தெலுங்கிலோ பின்னலில் சேர்த்துக்கொள்ளும் சவுரிமுடி. அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணத்துக்குச் சவரம் வாங்கப் போகிறேன் என்று சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனாராம். சுருட்டைமுடிக்கு அவர்கள் சொல்வது ‘உங்கரால ஜுட்டு’, மோதிர முடி. நம் பழைய உரையாசிரியர்கள் கூந்தல் முடிப்பின் ஐந்து வகைகளை ஐம்பால் என்று எண்ணியபோது முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்றார்கள். சுருளும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. கோயிலுக்குக் கொடுக்கிற முடி தெலுங்கில் ‘தலநீலாலு’. முழு மொட்டை போடாத பெண்கள் திருமலையில் மூன்று கத்தரி, ஐந்து கத்தரி என்று நுனி கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பூமுடி என்று பெயர். பூ என்ற சொல்லை அங்கே வைத்தது யாரோ, முடியின் அருமை தெரிந்தவர்.

தெருப்பெண்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, “எனக்கும் வெட்டிவிடுங்க அக்கா” என்று கேட்டு வந்ததுண்டு. அவர் வெட்டிவிட மாட்டார். நாற்காலியைப் போட்டு, ரப்பரையும் கத்தரியையும் வந்தவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நிற்பார். தலைக்கு உரியவளின் கைக்குத்தான் எந்தக் கற்றை துள்ளும், எது படியும் என்று தெரியும் என்பது அவர் கட்சி. பார்லருக்குப் போகாதே என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஒருமுறை பட்ட வெட்டால் கத்தரி என்றாலே பயந்து வாழ்வதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. குஜராத்தின் நிலான்ஷி படேல் ஆறு வயதில் முடிவெட்டு சரியாக அமையாமல் போனதால் இனி வெட்டுவதே இல்லை என்று முடிவெடுத்தவர். பதின்வயதுப் பெண்களில் உலகிலேயே நீளமான முடி என்ற கின்னஸ் சாதனை அவருக்குக் கிடைத்தது, 2020இல் அளந்தபோது 200 சென்டிமீட்டர். 2021இல்தான் மறுபடி கத்தரியை அனுமதித்தார். பன்னிரண்டு வருடம். சாதனை ஆன கதை என்பதால் உலகம் கொண்டாடியது. சாதனை ஆகாமல், கொண்டைக்குள்ளேயே வருடக்கணக்கில் முடியை மறைத்து வைத்திருக்கிற பெண்களை அந்த ஜாக்கெட் கடை நிறையப் பார்த்திருக்கிறது.

வேறு ஒருவர் தலையில் அவர் கத்தரி வைத்தது ஒரே ஒரு முறை.

2022இல் அம்மா உடம்பு முடியாமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்தபோது பிடரியில் முடி சடை பிடித்து, உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டித்துக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள். அம்மாவும் மனதைத் தேற்றிக்கொண்டு, “மொட்டை போட்டுடுடீ. பழனிக்குப் போயிட்டு வந்ததா நெனச்சுக்கறேன்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தவறாகப் போட்ட தையலைப் பிரிப்பது அவருக்குத் தெரியும். இழுத்தால் துணி கிழியும். கடைசியில் விழுந்த தையலிலிருந்து, ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டே வரவேண்டும். சடையில் தேங்காயெண்ணெயை ஊறவிட்டு, வேரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி, அகலப்பல் சீப்பின் ஒரே ஒரு பல்லால் நெம்பினார். மூன்று சாயங்காலம் ஆனது. முக்கால்வாசி பிரிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் அசையவில்லை. அதைக் குறுக்கே வெட்டினால் அந்த இடத்தில் அடியோடு முடி போய்விடும். கத்தரியின் முனையை முடி ஓடுகிற திசையிலேயே, நெடுக்காக உள்ளே விட்டு, முடிச்சை இரண்டாக, பிறகு நான்காகப் பிளந்தார். பிளந்த துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அவிழ்ந்தன. கையோடு வந்தது ஒரு பிடி முடிதான். மிச்சம் நரைத்து, மெலிந்து, காதோரம் லேசாக நெளிந்து, முதுகில் விழுந்தது. அம்மாவுக்கும் நெளிமுடி. நாற்பத்தாறு வருடமாக எண்ணெய் போட்டு இறுக்கிப் பின்னிய முடியையே பார்த்திருந்த மகளுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

அம்மா முடியை முன்னால் எடுத்துத் தடவிப் பார்த்தார். “இது எங்கம்மா முடிடீ. அவங்களுக்கும் காதாண்ட இப்படித்தான் சுத்திக்கும்” என்றார்.

வெட்டி விழுந்ததை அந்த வீட்டில் தெருவில் எறிவதில்லை, அது அம்மாவின் கண்டிப்பு. சவுரிக்கு முடி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்க வருபவர்களுக்கு இந்த அரை அங்குல நுனிகள் உதவாது. அவை மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணுக்குள் போகின்றன. முடியில் ஏழில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆனால் மண்ணில் மெதுவாகத்தான் கரையும், ஆறு மாதம் கழித்துக் கிளறினாலும் சில இழைகள் அப்படியே கிடக்கும்.

கடைசியாக வெட்டிய அன்று, கற்றைகளைப் பின்னால் தள்ளிவிட்டு மகளைக் கூப்பிட்டார். பதினெட்டு வயது, கல்லூரிக்குப் போகிறவள். அவள் டேப்பை எடுத்து வந்து உச்சியில் வைத்து முதுகில் இறக்கினாள். இழுக்காதே என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரியா இருக்கும்மா. வலது பக்கம்தான் துளி எறக்கமா தெரியுது. எடுக்கட்டுமா?”

“இப்ப வேணாம். அடுத்த குளியல் ஆகட்டும், ஏறிடும். ஏறலைன்னா பாத்துக்கலாம்.”

மகள் நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். 2024 நவம்பர் 17, ஞாயிறு. ஈரம், நேற்று எடுத்தது, 32. காய்ந்தது 29. வெட்டியது அரை. குறிப்பு: வலது பக்கம் கால் அங்குலம் பாக்கி.